தூணில் ஒரு கோடு

2023 டிசம்பர் கடைசி வாரம். வெள்ளம் வடிந்து பஸ் ஓடத் தொடங்கியதும் ஊருக்குப் போனேன். எங்கள் ஊர் அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக் கரையில் இருக்கிறது. பெரியப்பா வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, பட்டணத்திலிருந்து வருகிறவன் செய்யக்கூடிய அசட்டுத்தனத்தைச் செய்தேன்: மழையில் நனைந்தவருக்கு மழைக் கணக்கைச் சொன்னேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. தூத்துக்குடி மாவட்டத்துக்கு ஓராண்டு முழுக்கக் கிடைப்பதைவிட அதிகமான மழை காயல்பட்டினத்தில் ஒரே நாளில் இறங்கிவிட்டது என்றேன். பெரியப்பா பொறுமையாகக் கேட்டார். பிறகு, "பெரிய மழைதான். ஆனாலும் தொண்ணூற்றிரண்டு போல வராது" என்றார்.

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. கணக்கு இருக்கும்போது நினைவை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "வா" என்று படித்துறைக்குக் கூட்டிப் போனார். அங்கே ஒரு பழைய கல்மண்டபம் உண்டு. அதன் தூண் ஒன்றில் சிவப்புக் காவியால் ஒரு கோடு. 1992 நவம்பர் வெள்ளம் வடிந்த மறுநாள் பெரியப்பாவே இழுத்த கோடு அது. அதற்கு ஒன்றரைச் சாண் கீழே, இன்னும் சரியாகக் காயாத வண்டல் கறை. அதுதான் 2023. "உன் தொண்ணூற்றைந்து எங்கே நிற்கிறது பார்" என்றார். என்னிடம் பதில் இல்லை. கல் தூண் சாட்சி சொல்லும்போது என்ன வாதாடுவது?

அந்தக் கேள்வி மாதக்கணக்கில் என்னைக் குடைந்துகொண்டிருந்தது. பெரியப்பா பொய் சொல்லவில்லை. காயல்பட்டினத்தில் மழையைப் பிடித்து அளந்த குப்பியும் பொய் சொல்லவில்லை. பிறகு இரண்டும் எப்படி எதிரெதிரே நிற்கின்றன?

மொட்டைமாடிக் கணக்கு

இந்த விஷயத்தில் எனக்கு ஏன் இவ்வளவு வீம்பு என்பதைச் சொல்லிவிட வேண்டும். 2015 டிசம்பர் 1 அன்று நான் தாம்பரத்தை அடுத்த ஒரு புறநகர்ப் பகுதியில் இருந்தேன். அன்றைக்குத் தாம்பரத்தில் பதிவான மழை 49 செ.மீ. அந்த இரவைப் பற்றி எழுதுவதற்குப் புதிதாக ஒன்றுமில்லை, எல்லோரிடமும் ஒரு கதை இருக்கிறது. என் சிக்கல் அந்தக் கதைகள்தான். எங்கள் தெருவிலேயே ஆறு மாதத்துக்குள் ஆளுக்கொரு மழை உருவாகிவிட்டது. மாலை நான்கு மணிக்கே தண்ணீர் புகுந்ததாக ஒருவரும், இரவு பதினொன்றுக்குத்தான் புகுந்ததாக அவருடைய பக்கத்து வீட்டுக்காரரும் சத்தியம் செய்தார்கள். முதல் மாடிப் படிக்கட்டில் ஏழாவது படியா, ஒன்பதாவது படியா என்று என் வீட்டிலேயே தகராறு. எரிச்சலில் 2016 ஜூன் மாதம் ஒரு மழைமானி வாங்கினேன்.

கருவி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும். அவ்வளவு எளிய பொருள். மேலே கூர்மையான விளிம்புள்ள ஒரு வளையம், அதற்குள் ஒரு புனல், அடியில் ஒரு குப்பி. குப்பியில் சேர்ந்ததைக் கோடு போட்ட அளவுக் குவளையில் ஊற்றிப் பார்க்க வேண்டும். நம் நாட்டு வானிலை நிலையங்களில் பரவலாக உள்ள வகையில் வாய்ப் பரப்பு 200 சதுர செ.மீ. அதில் 20 மில்லி லிட்டர் சேர்ந்தால் 1 மி.மீ. மழை. காலை 8.30 மணிக்கு எடுத்து எழுதிவிட்டுக் குப்பியைக் கவிழ்த்துவிட வேண்டும். அவ்வளவுதான் வேலை.

முதல் ஆண்டு முடிவதற்குள் நோட்டுப் புத்தகம் என்னை நான்கைந்து முறை அவமானப்படுத்திவிட்டது. இடி, மின்னல், மின்வெட்டு, எதிர்வீட்டு முருங்கை முறிந்து விழுந்தது என்று அமர்க்களப்பட்ட ஒரு செப்டம்பர் மாலையை நூறு மி.மீ.யாவது இருக்கும் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தேன். காலையில் குவளை காட்டியது 31. அதே ஆண்டு ஓர் இரவு, சத்தமில்லாமல் விடிய விடியப் பெய்த மழையை நான் தூக்கத்தில் கவனிக்கவே இல்லை. அது 74. எனக்கு மழை என்பது சத்தமாகவும் பயமாகவும் இருந்திருக்கிறது, தண்ணீராக இருக்கவே இல்லை. தகரக் கூரைக்காரருக்கு எல்லாமே பெருமழை. எட்டாவது மாடிக்காரருக்கு எல்லாமே தூறல்.

இன்னொரு பாடம் மெதுவாக வந்தது. வடகிழக்குப் பருவமழை நாள்களில் என் கணக்கு அக்கம்பக்கத்து நிலையக் கணக்கைவிட எப்போதும் குறைவாகவே இருந்தது. சில நாள்கள் கால்வாசி குறையும். கோடைக்கால மாலை இடிமழையில் மட்டும் ஏறக்குறைய சரியாக வரும். கருவியில் ஓட்டையோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இரண்டாவது ஆண்டு ஐப்பசியில்தான் உறைத்தது: என் மொட்டைமாடியின் கிழக்கு ஓரத்தில் தண்ணீர்த் தொட்டி. பருவமழை கடல் பக்கத்திலிருந்து சாய்ந்து வருகிறது, தொட்டி குடை பிடிக்கிறது. மாலை இடிமழை மேற்கிலிருந்து வருவதால் அதற்கு மறைப்பில்லை. சுவரோ மரமோ எதுவாக இருந்தாலும் அதன் உயரத்தைப்போல் இரண்டு மடங்குக்குக் குறையாத தூரத்தில், தரைக்கு அருகில் தாழ்வாக வைக்க வேண்டும் என்ற விதியை நான் படித்துவிட்டு மீறியிருந்தேன். உயரத்தில் வைத்தால் காற்று துளிகளைப் புனலுக்கு மேலாகத் தள்ளிக்கொண்டு போய்விடும் என்பதையும் சேர்த்துத்தான். இப்போது அது மாடியில் இல்லை, பின்புறக் காலி மனையில் இருக்கிறது. மனைக்காரருக்குத் தீபாவளிக்கு ஒரு கிலோ மிக்சர்.

மரக்கால் யாருடையது

இந்தத் தலைப்பில் பேச ஆரம்பித்தாலே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு செய்தி வந்துவிடும். முன்னோர் ஆட்டுக்கல் குழியில் மழையை அளந்தார்கள், எறும்பு முட்டை சுமப்பதையும் தட்டான் தாழப் பறப்பதையும் பார்த்து மழை சொன்னார்கள், இப்போதுள்ளவர்களுக்கு எல்லாவற்றுக்கும் கருவி வேண்டியிருக்கிறது என்ற ரகம். இதில் எனக்குக் கோபம் வருவது முன்னோர் மீது இல்லை. ஆட்டுக்கல்லில் நிரம்பிய நீரைப் பார்த்தவர் மழையளக்கத்தான் முயன்றிருக்கிறார். அவர் கருவிக்கு எதிரி இல்லை. ஆனால் என் ஆட்டுக்கல்லும் உங்கள் ஆட்டுக்கல்லும் ஒன்று இல்லை. குழி சரிந்து கிடந்தால் அதிகம் நிரம்பாது, வாய் அகன்றிருந்தால் ஆழம் தெரியாது. பஞ்சாங்கத்தில் இந்த ஆண்டு இத்தனை மரக்கால் (தானியம் அளக்கும் பழைய அளவை) மழை, அதில் கடலுக்கு இவ்வளவு, மலைக்கு இவ்வளவு, பூமிக்கு இவ்வளவு என்று போட்டிருக்கும். எந்த ஊரில் வைத்த மரக்கால் என்று இருக்காது.

இதைப் பழங்காலத்திலேயே யோசித்தவர்கள் இருந்திருக்கிறார்கள். அர்த்தசாஸ்திரத்தில் பண்டகசாலையில் மழையளக்க ஒரு முழ அகல வாயுள்ள பாத்திரம் வைக்க வேண்டும் என்று வருகிறது. எந்த நாட்டுப்பகுதிக்கு எத்தனை துரோணம் (அக்கால அளவை) மழை என்ற பட்டியலும் உண்டு. கொரியாவில் சேஜோங் மன்னர் காலத்தில், 1440-களில், ஒரே அளவிலான மழைமானிகளைச் செய்து மாவட்டங்களுக்கு அனுப்பினார்கள். அவற்றில் எனக்குப் பிடித்தது அந்த 'ஒரே அளவு'தான். மழையைப் பாத்திரத்தில் பிடிக்க யாருக்கும் தோன்றும். எல்லா ஊரிலும் ஒரே வாயுள்ள பாத்திரத்தை வைத்து, ஒரே நேரத்தில் பார்த்து, எழுதிவைக்க ஓர் அரசாங்கத்துக்குப் பொறுமை வேண்டும்.

உடல் எதை உணரும், எதை உணராது என்பதற்கு மழையைவிட நல்ல உதாரணம் காற்றழுத்தம். நம் பக்கத்து வெப்பநாடுகளில் காற்றழுத்தம் நாள்தோறும் இரண்டு முறை ஏறி இறங்குகிறது. காலை பத்து மணி வாக்கில் உச்சம், மாலை நான்கு வாக்கில் சரிவு, இரவு பத்துக்கு மீண்டும் உச்சம், விடியற்காலையில் மீண்டும் சரிவு. வித்தியாசம் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) இருக்கும். இவ்வளவு ஒழுங்காக நம்மைச் சுற்றி நடக்கும் ஒன்றுக்கு ஊர்வழக்கில் ஒரு சொல்கூட நான் கேட்டதில்லை. தோலுக்குத் தெரியாததற்குச் சொல் எப்படி வரும்? இத்தாலிய அறிவியலாளர் டாரிசெல்லி 1643-இல் கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை நிறுத்திக்காட்டிய பிறகுதான் இது மனிதர் கண்ணுக்கே பட முடிந்தது. இந்த வங்கக்கடற்கரையில் பத்து மணிக்கு ஏற வேண்டிய அழுத்தம் ஏறாமல் இறங்கிக்கொண்டே போனால், புயல் வருகிறது என்று அர்த்தம். வானம் அப்போதும் நீலமாகவே இருக்கலாம்.

கருவி தப்பாகச் சொல்லாதா என்றால், சொல்லும். 2024 மே 29 அன்று டெல்லியின் முங்கேஷ்பூர் தானியங்கி நிலையம் 52.9 டிகிரி செல்சியஸ் காட்டியது. நாடே அலறியது. வானிலைத் துறை ஆட்களை அனுப்பி, முறையான கருவியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தது. உணரி ஏறக்குறைய 3 டிகிரி அதிகமாகக் காட்டியது தெரிந்தது. இதைச் சொல்லி, "பார்த்தாயா, உன் கருவி லட்சணம்" என்று என்னைக் கிண்டல் செய்த நண்பருக்கு நான் சொன்னது: அந்தப் பிழைக்கு 3 டிகிரி என்று ஓர் அளவு இருக்கிறது. உன் தாத்தா காலத்தில் வெயில் இப்படி இல்லை என்று நீ சொல்கிறாயே, அதில் பிழை எத்தனை டிகிரி?

965-உம் 95-உம்

பெரியப்பாவின் தூணுக்கு வருகிறேன். 1992 நவம்பர் மழையின் கணக்கைத் தேடியபோது, மாஞ்சோலை மலையில் தேயிலைத் தோட்டப் பகுதியான காக்காச்சியில் ஒரே நாளில் 965 மி.மீ. பதிவாகியிருப்பது கண்ணில் பட்டது. அந்த எண்ணைப் பார்த்ததும் நோட்டை மூடிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டேன். 965 மி.மீ. என்றால் 96.5 செ.மீ. காயல்பட்டினத்தில் 95. முப்பத்தொரு வருட இடைவெளியில் இரண்டு குப்பிகள் ஏறக்குறைய ஒரே அளவைச் சொல்லியிருக்கின்றன. ஒன்று எங்கள் ஊருக்கு மேலே, ஆறு பிறக்கும் மலையில். இன்னொன்று எங்களுக்கு வெகு கீழே, ஆறு கடலில் கலக்கும் பக்கம்.

மலையில் விழுந்தது வேறு வழியில்லாமல் எங்கள் படித்துறையைக் கடந்துதான் போயாக வேண்டும். கடற்கரையில் விழுந்ததைப் பற்றி எங்கள் தூணுக்கு எந்தச் செய்தியும் வராது. அங்கே குளங்கள் உடைந்து, ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் தவித்து நின்றபோது, எங்கள் மண்டபத்தில் தண்ணீர் சிவப்புக் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. தூண் பொய் சொல்லவில்லை. அதை நான் தவறாகக் கேள்வி கேட்டிருக்கிறேன். அது மழையை அளக்கவே இல்லை. மலையில் பெய்தது, அணையில் எப்போது எத்தனை மதகு திறந்தார்கள், ஆற்றுமணல் எவ்வளவு போயிருக்கிறது, கரையில் எவ்வளவு முள் மண்டியிருக்கிறது, எந்தக் கால்வாய் அடைத்துக்கொண்டது ஆகிய எல்லாவற்றையும் ஒன்றாகக் கரைத்து ஒரே கோடாக இழுத்துக் காட்டுகிறது. அந்தக் கோட்டிலிருந்து மழையை மட்டும் தனியே பிரித்தெடுக்க யாராலும் முடியாது. குப்பிக்கு அணை தெரியாது, ஆறு தெரியாது, யார் வீடு இடிந்தது என்று தெரியாது. மண்டு. அந்த மண்டுத்தனத்துக்காகத்தான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

ஆனால் குப்பிக்குத் தன் வாய்க்கு நேர் மேலே உள்ள வானம் மட்டும்தான் தெரியும் என்பதும் உண்மை. 2005 ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூஸில் 944 மி.மீ., அதே மும்பையின் கொலாபாவில் 73 மி.மீ. கொலாபாவில் மட்டும் மழைமானி இருந்திருந்தால், ஆவணத்தில் அது குடை பிடித்துக்கொண்டு அலுவலகம் போகக்கூடிய ஒரு நாள். ஆகவே ஒன்று போதாது, நிறைய வேண்டும். தாலுகா அலுவலக முற்றத்திலும் அணைக்கட்டு ஓய்வு விடுதியிலும் தோட்டத்திலும் வேண்டும். அவற்றைத் தினமும் 8.30 மணிக்கு ஒரு மனிதர் போய்ப் பார்க்கவும் வேண்டும். காக்காச்சியில் அந்த நவம்பர் காலையில், அப்படிப்பட்ட மழையில், யாரோ ஒருவர் குவளையோடு போய் நின்று ஊற்றி ஊற்றிக் கூட்டியிருக்கிறார். 200 சதுர செ.மீ. வாய் என்றால் 19 லிட்டருக்கு மேல். அவர் பெயர் எந்த ஏட்டிலும் என் கண்ணில் படவில்லை. அவர் எழுதிய எண் இல்லாவிட்டால் எனக்கும் பெரியப்பாவுக்கும் இடையிலான வழக்கு தீர்ந்தே இருக்காது.

அடுத்த முறை ஊருக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். 95 செ.மீ. என்பதை அவர் மொழியில் மாற்றியும் சொன்னேன்: ஒரு சென்ட் நிலத்தில் 38,000 லிட்டர், 12,000 லிட்டர் தண்ணீர் லாரி மூன்றுக்கும் மேல். வயல்காரருக்கு அது சட்டென்று பிடிபட்டது. "ஒரு சென்டுக்கா?" என்று இரண்டு முறை கேட்டார். பிறகு வேறொரு இடத்தில் பிடித்தார்: பத்திரிகையில் 18-ஆம் தேதி மழை என்று போடுகிறார்களே, பெய்தது 17 ஞாயிற்றுக்கிழமை அல்லவா? காலை 8.30-க்கு அளப்பதால் ஞாயிறு பெய்தது திங்கள் கணக்கில் ஏறும் என்றேன். "அப்படியானால் உங்கள் கணக்கிலும் ஒரு திரிசமன் உண்டு" என்று மகிழ்ந்துபோனார். கனமழை, மிக கனமழை, அதி கனமழை என்று டி.வி.யில் சொல்வது வாய்க்கு வந்த அடைமொழி இல்லை, 64.5 மி.மீ.யைத் தொட்டால் கனமழை, 115.6-ஐத் தொட்டால் மிக கனமழை, 204.5-ஐத் தொட்டால் அதி கனமழை என்று எல்லை கட்டியிருக்கிறார்கள் என்றதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். இத்தனை நாளும் செய்தி வாசிப்பவர்கள் பயமுறுத்துவதாக நினைத்திருந்தாராம்.

அவருக்கும் ஒரு மழைமானி வாங்கிக் கொடுத்தேன். எங்கே வைப்பது என்று நான் விதியைச் சொல்லத் தொடங்குவதற்குள், தென்னைகளிலிருந்து நன்றாக விலகி, களத்துமேட்டில் ஓர் இடத்தைக் காட்டினார். நான் இரண்டு ஆண்டு தொட்டிக்குப் பின்னால் வைத்திருந்ததை அவரிடம் சொல்லவில்லை. பழைய டைரி ஒன்றில் எழுதுகிறார். தேதி, மி.மீ. என்று நான் இரண்டு கட்டம் போட்டுக் கொடுத்திருந்தேன். போன கார்த்திகையில் போய்ப் பார்த்தபோது மூன்றாவதாக ஒரு கட்டம் முளைத்திருந்தது. 18 மி.மீ.க்கு நேரே 'அரை உழவு'. 42-க்கு நேரே 'ஒரு உழவு, சரியான பதம்'. 7-க்கு நேரே 'புழுதி அடங்கியது'. ஒரு பக்கத்தில் 0 மி.மீ., 'ஆற்றில் செந்நீர், மலையில் மழை'.

மார்கழியில் ஒருநாள் காலை எட்டே முக்காலுக்கு ஃபோன் வந்தது. குவளையின் முதல் கோட்டைக்கூடத் தொடாத அளவுக்கு நாலு சொட்டுத் தண்ணீர் இருக்கிறது, என்ன எழுதுவது என்றார். அளக்க முடியாத மழையைச் சுவடு என்று தனியாகக் குறித்துவைப்பார்கள் என்றேன். "மழையே இல்லை. பனி. புனலில் இறங்கியதை நானே பார்த்தேன்" என்றார். அப்படியானால் உங்கள் விருப்பம் என்றேன். பூஜ்யம் போட்டுவிட்டு மூன்றாவது கட்டத்தில் 'பனி' என்று எழுதிக்கொண்டாராம்.

தொண்ணூற்றிரண்டு மழைதான் பெரிது என்பதில் அவர் மாறவில்லை. 96.5, 95-ஐவிட ஒன்றரை செ.மீ. கூடுதல்தானே என்று இப்போது எண்ணையே எனக்கு எதிராகத் திருப்புகிறார். பொங்கலுக்கு மண்டபத்துக்கு வெள்ளையடித்தபோது, அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டு அடிக்கச் சொல்லியிருக்கிறார்.